சவ்வூடு பரவலுக்கு சைபர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில், ஒரு ஹால் நிறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சரியான பதிலுக்கு நான் சைபர் போட்டேன்.

தெரியாமல் போடவில்லை. தெரிந்தேதான் போட்டேன். அதனால்தான் இந்த வாரம் கோபமாக எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்கிறீர்களா? லிஸ்ட் கொஞ்சம் பெரிசு. முதல் பெயர் என்னுடையது.

எங்கள் மயூர் விஹாரில் தமிழர்களுக்கென்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. பொங்கல் விழா, கோலப் போட்டி, கொலு, நடுநடுவே வாழை இலைச் சாப்பாடு. நான் மத்திய அரசு வேலையிலிருந்து ரிடையர் ஆனதும் என்னையும் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். இந்த வருடம் நான் சும்மா இருக்கவில்லை. கோலமும் கொலுவும் இருக்கட்டும், டெல்லியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா நடத்தலாமே என்றேன். அறிவியல், கணக்கு, வரலாறு, பூகோளம்... எல்லாம் பாடம் சம்பந்தப்பட்டது. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள். பள்ளிக்கு இரண்டு பேர்.

கமிட்டியில் யோசனை சொன்னவர் தலையில்தானே வேலையும் விழும்? விழுந்தது. இரண்டு மாதம் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினேன். போன் செய்தேன். போனை எடுக்காத பிரின்ஸிபால்களைத் தேடி நேரில் போனேன். பஸ்ஸர் வாங்க லாஜ்பத் நகர் வரைக்கும் அலைந்தேன். விதிமுறைகளை நானே உட்கார்ந்து டைப் செய்தேன். மொத்தம் எட்டு விதி. நாலாவது விதி இது: ‘பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லலாம்.’

கமிட்டியில் எல்லோரும் படித்துப் பார்த்து, அச்சா, ரொம்ப நல்லது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் மாக்கோலம். மேடையில் ‘தமிழால் இணைவோம்’ என்று பேனர். சிறப்பு விருந்தினர் தமிழின் தொன்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அதில் பதினைந்து நிமிடம் ஆங்கிலம். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

முதலில் எழுத்துச் சுற்று. அதிலிருந்து நான்கு அணிகள் பைனலுக்கு வந்தன. நமக்கு இரண்டு அணிகள் போதும். ஒன்று, தெற்கு டெல்லியில் இருக்கிற ஒரு பெரிய பிரைவேட் பள்ளி. இன்னொன்று, மோதி பாக்கில் இருக்கிற ஒரு பள்ளியிலிருந்து வந்த அணி.

மோதி பாக் அணியின் கேப்டன் பெயர் அக்ஸிலியா. ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியான பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை. அம்மா இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாகர்கோவில் பக்கம். இந்தப் பெண் எட்டாவது வரைக்கும் ஊரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, போன வருடம்தான் அம்மாவோடு டெல்லிக்கு வந்திருக்கிறாள். இதையெல்லாம் கூட வந்திருந்த செல்வராணி டீச்சர் காலையிலேயே என்னிடம் சொன்னார். இங்கிலீஷ் கொஞ்சம் திக்கும், ஆனால் பாடம் அத்தனையும் தலையில் இருக்கிறது என்றார். ‘உங்க நாலாவது ரூலைப் பார்த்துட்டுத்தான் மேடம் பேர் குடுத்தா’ என்றும் சொன்னார்.

இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இப்போது நினைத்தால் கூசுகிறது.

கேள்வி கேட்க வந்தவர் பெயர் ரமேஷ். குர்காவ்னில் கம்பெனிகளுக்கு டிரெயினிங் கொடுக்கிறவர். நம்மூர்க்காரர்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லி. நன்றாகப் பேசுவார், சிரிக்க வைப்பார். மேடையில் அவர். பக்கத்து மேஜையில், மதிப்பெண் போடுகிற இடத்தில் நான்.

பைனலில் மோதி பாக் பெண்கள் இருவரும் பிரமாதமாக ஆடினார்கள். அக்ஸிலியா பஸ்ஸரைத் தொடவே மாட்டாள், தொட்டால் பதில் சரியாக இருக்கும். கடைசிக்கு முந்தின சுற்று. அவர்கள் முறை. ரமேஷ் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தமிழிலும் சொன்னார் — உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிவிடுகிறது, அதற்குக் காரணமான நிகழ்வின் பெயர் என்ன?

அக்ஸிலியா யோசிக்கவே இல்லை. “சவ்வூடு பரவல்” என்றாள்.

ரமேஷ் கையில் இருந்த கார்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள். அவருக்குப் புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் விளக்க ஆரம்பித்தாள் — தண்ணீர் திராட்சையின் தோல் வழியாக உள்ளே போகிறது, அந்தத் தோல் ஒரு சவ்வு மாதிரி...

“எக்ஸ்ப்ளனேஷன் வேண்டாம்மா. எனக்கு சயின்டிஃபிக் டெர்ம் வேணும்” என்றார் ரமேஷ். பத்து செகண்ட் ஆனதும் கேள்வி அடுத்த அணிக்குப் போனது.

அடுத்த அணி தெற்கு டெல்லி பள்ளி. “ஆஸ்மாஸிஸ்” என்றார்கள். கைதட்டல். அவர்களுக்கு ஐந்து மதிப்பெண்.

பின் வரிசையில் செல்வராணி டீச்சர் எழுந்தார். இரண்டும் ஒரே பதில் என்று சொன்னார். முன் வரிசையில் இருந்த எங்கள் கமிட்டித் தலைவர் திரும்பி, கையைக் காட்டி, அவரை உட்காரச் சொன்னார். ஆடியன்ஸ் பேசக்கூடாதாம்.

நான் என்ன செய்தேன்?

கும்பகோணத்தில் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவள் நான். பன்னிரண்டு வயதில் பீன்ஸ் கொட்டையை ஊற வைத்துப் பார்த்து, நோட்டில் ‘சவ்வூடு பரவல்’ என்று தலைப்பெழுதி அடிக்கோடு போட்டவள். எனக்குத் தெரியும். அந்த ஹாலில் மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும்.

சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்று தலைவர் காலையிலிருந்து என் காதில் ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினால் சங்கடம், ரமேஷ் என்ன நினைப்பார், முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்... இப்படி நாலைந்து காரணங்கள் ஒரே நேரத்தில் வந்தன. அத்தனையும் கோழைத்தனம். மோதி பாக் கட்டத்தில் சைபர் போட்டேன்.

கடைசியில் தெற்கு டெல்லி பள்ளிக்கு அறுபத்தைந்து. மோதி பாக்குக்கு அறுபது. கோப்பை கொடுத்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு இருபதுக்கே காரில் ஏறிவிட்டார்.

எல்லோரும் சாப்பாட்டு மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். அக்ஸிலியா என் மேஜைக்கு வந்தாள். அழுதிருப்பாளோ என்று பயந்தேன். அழவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பரை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தாள். நான் அனுப்பிய விதிமுறை.

“ஆன்ட்டி, இதுல நாலாவது நீங்க எழுதினதா?”

“ஆமாம்மா.”

“அப்போ நான் சொன்னது சரியா, தப்பா?”

“சரி.”

“அப்படின்னா அதை மைக்ல சொல்லுங்க. எல்லாரும் நான் தப்பா சொன்னேன்னு நினைச்சிட்டிருக்காங்க.”

கப் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, கவனியுங்கள்.

நேராக ரமேஷிடம் போனேன். தட்டில் வடையோடு இருந்தார். கார்டில் ஆஸ்மாஸிஸ் என்றுதான் இருந்தது, நான் நியூட்ரலான ஆள் என்றார். விதியைக் காட்டினேன். “டெக்னிக்கல் வேர்டெல்லாம் தமிழ்ல யார் மேடம் யூஸ் பண்றாங்க?” என்று கேட்டார். அவரை முழுதாகத் திட்டவும் மனசு வரவில்லை. கார்டில் ஆங்கிலப் பதிலை மட்டும் எழுதிக் கொடுத்தது யார்? நாங்கள்தானே? தமிழிலும் சொல்லலாம் என்று பெருமையாக அறிவித்துவிட்டு, தமிழில் சொன்னால் யார் புரிந்துகொள்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நாலாவது விதியை யாராவது உபயோகிப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. அதுதான் நிஜம்.

அடுத்து தலைவரிடம் போனேன். பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர், எதற்கும் பதறாத மனிதர். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். “விடுங்கம்மா, சின்னப் பசங்க விஷயம். அந்தப் பொண்ணுக்கு ‘சிறந்த தமிழ் ஆர்வலர்’னு ஒரு ஸ்பெஷல் பிரைஸ் குடுத்துடலாம். அவளும் சந்தோஷப்படுவா.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்?

“சார், அவ தமிழ் ஆர்வத்தைக் காட்ட வரலை. சயின்ஸ் கேள்விக்குப் பதில் சொன்னா. சரியா சொன்னா.”

அவர் சிரித்தார். சாப்பிட வாருங்கள் என்றார்.

இதுதான் நம் சங்கதி. தமிழ் என்றால் நமக்குக் கோலம், வேட்டி, வாழை இலை, மேடையில் ஒரு வாழ்த்து. அதில் ஒரு பெண் உயிரியல் பேசினால் கைதட்டத் தெரியவில்லை, ‘ஆர்வலர்’ பட்டம் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கத் தெரிகிறது. சவ்வு, ஊடு, பரவல் — மூன்று துண்டையும் சேர்த்துப் படித்தாலே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடுகிற வார்த்தை. ஆஸ்மாஸிஸ் என்றால் என்ன என்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

மேடை ஏறினேன். மைக்கைக் கையில் எடுத்தேன். தலைவர் கீழேயிருந்து சவுண்டுக்காரருக்கு ஜாடை காட்டுவது தெரிந்தது. சவுண்டுக்காரர் பிஹார்க்காரர், இந்தக் கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது. ‘மேடம், பந்த் கர் தூம்?’ என்று, மைக்கை நிறுத்தட்டுமா என்று என்னிடமே கேட்டார். நஹீ பையா, தோ மினிட், இரண்டே நிமிடம்தான் என்றேன். விட்டுவிட்டார்.

சொன்னேன். திராட்சைக் கேள்விக்கு மோதி பாக் அணி சொன்ன ‘சவ்வூடு பரவல்’ சரியான பதில். விதிப்படி அவர்களுக்குப் பத்து மதிப்பெண். அடுத்த அணிக்குக் கேள்வியே போயிருக்கக் கூடாது, அதனால் அந்த ஐந்து கிடையாது. மோதி பாக் எழுபது. தெற்கு டெல்லி அறுபது. முதல் இடம் மோதி பாக்குக்கு. “தப்பு என்னுடையது. எனக்கு அப்போதே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்.”

சினிமா மாதிரி ஹால் எழுந்து நின்றது என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் சாம்பார் சாதத்திலிருந்து நிமிரவே இல்லை. செல்வராணி டீச்சர் கைதட்டினார். நர்ஸ் யூனிபார்மில், டியூட்டி முடித்து அப்போதுதான் ஓடி வந்திருந்த அக்ஸிலியாவின் அம்மா கதவருகே நின்றபடியே கைதட்டினார். இன்னும் ஒரு பத்துப் பதினைந்து பேர்.

கோப்பை வாங்கியிருந்த தெற்கு டெல்லிப் பிள்ளைகளில் ஒருவனின் அம்மா மேடைக்கே வந்துவிட்டார். போட்டோ ஸ்கூல் குரூப்பில் போய்விட்டது, இப்போது மாற்றினால் குழந்தையின் மனசு என்ன ஆகும் என்றார். கப்பைத் திருப்பிக் கேட்கவில்லை, அது பிள்ளைகளிடமே இருக்கட்டும் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. ‘அந்தப் பொண்ணு டிரான்ஸ்லேட் பண்ணிச் சொல்லிச்சு, எங்க பசங்க ஒரிஜினலைச் சொன்னாங்க’ என்றார். தமிழில்தான் சொன்னார்.

அன்று மாலை கமிட்டி வாட்ஸ்அப் குரூப்பில் தலைவர் ஒரு செய்தி போட்டார். மேடையில் முதலில் அறிவித்த முடிவே இறுதியானது. வினாடி வினாப் பொறுப்பை அடுத்த வருடம் வேறொருவர் ஏற்பார். மேடத்தின் சேவைக்கு நன்றி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் சேவை இப்படித்தான் முடிந்தது.

முடியட்டும். மதிப்பெண் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைய நடுவர் மேஜையில் உட்கார்ந்தவளும் நான்தான். புதிதாக ஒரு சான்றிதழ் அச்சடித்து, முதல் இடம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கையெழுத்திட்டேன். புதன்கிழமை பிங்க் லைன் மெட்ரோவில் மோதி பாக் போய்ச் சேர்ந்தேன். காலை அசெம்பிளியில் செல்வராணி டீச்சர் நடந்ததை முழுதாகச் சொன்னார், கேள்வியோடும் பதிலோடும் சேர்த்து. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன.

அக்ஸிலியா சான்றிதழை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, ஒன்பது ‘ஏ’ன்னு போட்டிருக்கு. நான் ஒன்பது ‘பி’.”

அங்கேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஒரு தப்பைத் திருத்த அரை நிமிடம்கூட ஆவதில்லை, தலைவர் அவர்களே.