நடுவில் ஒன்றையும் போடாதவர்

அருளப்பு அண்ணை இறந்த செய்தி, தாராபுரம் சந்தியில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. "மாமா, அப்பா விடிய எழும்பேல்லையாம். நான் வந்துகொண்டிருக்கிறன்" என்றாள், மட்டக்களப்பில் இருக்கும் அவருடைய மகள் ஜெனிற்றா. முதல் நாள் பின்னேரம் அவர் எனக்கு இரண்டு தரம் அழைப்பெடுத்திருந்தார். வேலையாக இருந்தேன் என்று சொன்னால் பொய். கதைத்தால் நீளும் என்று எடுக்காமல் விட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இந்த நினைவுக் குறிப்பையும் மூன்று தரம் கிழித்துப்போட்டுத்தான் எழுதுகிறேன்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், நீதிமன்ற விசாரணைகளில் நம் சனம் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதுதான் எங்கள் இருவரின் வேலையும். சொல்லாத எதையும் அவர் சேர்க்கமாட்டார். "சனம் கல்லுக் கல்லாத்தான் கதைக்கும். சாந்து பூசுறது எங்கட வேலையில்லை" என்பார்.

எனக்குச் சாந்து பூசுகிற வியாதி. கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி ஒரு விசாரணையில் சொன்னாள்: "மச்சான் எஞ்சினைத் திருப்பினவர். பிறகு வள்ளம் பிரண்டது." எனக்கு அது அந்தரத்தில் தொங்குவதுபோல் பட்டது. 'மச்சான் எஞ்சினைத் திருப்பியதால் வள்ளம் பிரண்டது' என்று சிங்களத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். கணவனின் தம்பியான அந்த மச்சான், சிங்களம் தெரியாமல், கதிரையில் குனிந்தபடி இருந்தார். பின்வரிசையில் அருளப்பு அண்ணை எழும்பினார். சிங்களத்தில் திருத்திவிட்டு, எங்கள் ஆட்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்: "அந்தப் பிள்ளை பிறகு எண்டுதான் சொன்னவ. அதனால எண்டது எங்கட ஆளின்ர சொந்தச் சரக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒரு மாதம் அவரோடு பேச்சில்லை. கடைசியில் அவரே என் மேசைக்கு வந்தார்.

"கோவமோ?"

"ஓம்."

"நல்லது, கோவத்தோடயே கேளும். அந்த மனிசன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியிருந்தா உமக்கு நித்திரை வருமோ?"

கேட்டுவிட்டு என்னைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

செத்தவீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்றார் ஒருவர், தனிமை என்றார் இன்னொருவர். வயதான மாமி ஒருவர், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஜெனிற்றாவைப் பார்த்து, "நீ கலியாணம் முடிச்சு மட்டக்களப்புக்குப் போனாய். அதாலதான் மனிசன் செத்தது" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. என்னை அறியாமல் எழும்பிவிட்டேன்.

"மாமி, பிள்ளை போனவ. பிறகு அண்ணை செத்தவர். நடுவில ஒண்டையும் போடாதேங்கோ."

மாமி என்னை முறைத்தார். ஜெனிற்றா மறுபடி அழத் தொடங்கினாள்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்த எழும்புதல் ஒன்றைத்தான். மற்றவருக்காக எழும்ப எனக்கு வருகிறது. அண்ணை, நீங்கள் அழைத்தீர்கள். நான் எடுக்கவில்லை. விடிய நீங்கள் இல்லை. இந்த மூன்றையும் தனித்தனியே வைக்கத்தான் பார்க்கிறேன்; கண்ணை மூடினால் ஒட்டிக்கொள்கின்றன. இதைத் திருத்த உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை, அண்ணை.