மாதக் கடைசிக்குள் இரண்டு முழங்கால்

என் கணவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, என் முழங்கால்கள் மீது அவருக்குத் திடீர்ப் பாசம் வந்தது. ஏழெட்டு வருடமாக நான் வலிக்கிறது என்று சொன்னதெல்லாம் காதில் விழாதவர், தானாகவே எலும்பு டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கினார். விஷயம் வேறொன்றுமில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தது. மே மாதக் கடைசியோடு அவருக்கு வேலையும் இல்லை, எனக்குக் காப்பீடும் இல்லை.

அப்போது நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். வலியோடுதான், ஆனாலும் நடந்தேன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு முதல் மாடி, பதினெட்டுப் படி. காலையில் இறங்கிப்போய்ப் பூவும் காயும் நானே பார்த்து வாங்குவேன். வெள்ளிக்கிழமையானால் பஸ் பிடித்து அல்சூர் கோவிலுக்குப் போய்வருவேன். யாரையும் கேட்காமல் வெளியே போய்வருவது ஒன்றுதான் இந்தக் கல்யாணத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட சொத்து.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு சுகர் இருக்கு. இப்போ ஒரு கால்ல மூட்டு மாத்தலாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணப் பாக்கலாம்" என்றார்.

"அதெல்லாம் ஆகாது டாக்டர். முப்பத்தொண்ணாம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். அதுக்குள்ள ரெண்டையும் முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார் இவர். பெயிண்டரிடம் தீபாவளிக்குள் வீட்டை முடிக்கச் சொல்கிற அதே குரல்.

கால் யாருடையது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "ரெண்டாவதை நம்ம காசுல அப்புறமாப் பண்ணிக்கக் கூடாதாங்க?"

"கவரேஜ் இருக்கறப்போ சும்னே கைக்காசு எதுக்குப் போடணும்?" என்றார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். எரிச்சல் வந்தால் சும்மா என்பது சும்னே ஆகி, பேச்சில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. அம்மாவின் நகையை விற்ற பணம் என் பெயரில் பேங்க்கில் டெபாசிட்டாக இருந்தது. அதை உடைத்திருந்தால் ஆறு மாதம் பொறுத்திருக்கலாம். எனக்கும் மனசு வரவில்லை.

ஒரு வார இடைவெளியில் இரண்டு காலையும் அறுத்தார்கள். வலது கால் தேறிவிட்டது. இடது காலில் சீழ் பிடித்து, மறுபடி பிரித்து, கழுவி, தைத்து, கடைசியில் அது மடங்காத காலாகிவிட்டது. அந்தக் களேபரத்துக்கு நடுவே, முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் இவர் பிரிவுபசார விழாவிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, தோளில் சால்வை, கையில் பழக்கூடை. "பில்லு மொத்தமும் பாஸாயிடுச்சு" என்று சிரித்தார். அந்தப் பேட்டாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிய வேண்டும் போலிருந்தது. என்னால் எழுந்திருக்க முடியாததால் அவர் தப்பித்தார்.

இவருடைய ஐம்பத்தைந்து வயதிலேயே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் நடையாய் நடந்தார். ஆபீஸில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று தண்டம் என்று இவர் அந்த ஆளை விரட்டிவிட்டார். ஓய்வுக்கு மறுநாள் அந்த ஏஜென்ட்டையே தேடிப் பிடித்து எங்கள் இருவருக்கும் எடுத்தார். சில வியாதிகளுக்கு முதல் இரண்டு வருடம் பணம் கிடைக்காது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. "நமக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று பக்கத்தைத் திருப்பினார். ஓய்வில் வந்த பணத்தில் பெரும்பங்கை மகன் ஃப்ளாட் வாங்கக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மார்ச்சில் போர்வெல் வற்றியது. தண்ணீர் கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போவார்கள். பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் மேலே கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு மனசு வராமல் இவரே தூக்கி வந்தார். மாதக் கடைசியில் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். ஹெர்னியா. "ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. குடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். பாலிசியின் அந்தப் பக்கத்தில் ஹெர்னியாவும் இருந்தது. பத்து மாதம் முடிந்திருந்தது, பாக்கி பதினாலு.

அன்று சாயங்காலம் என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். நாற்பது வருடத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. "உன் டெபாசிட்டை உடைச்சா ஆபரேஷன முடிச்சிடலாம்" என்றார்.

நான் அவசரப்படவில்லை. நீட்டியே இருக்கும் இடது காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "கவரேஜ் வரப்போறப்போ சும்னே கைக்காசு எதுக்குங்க?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு கேனைத் தூக்கி வருகிறார். பத்து ரூபாய் விஷயத்தில் மாறவில்லை. நான் மேலே உட்கார்ந்து படிச் சத்தத்தைக் கேட்பேன். ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்குவார். போன செவ்வாய்க்கிழமை ஒன்பதில் நின்றவர் நகரவேயில்லை. கூப்பிட்டிருக்கலாம். எவ்வளவு நேரம்தான் நிற்கிறார் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் அங்கே சுருண்டு விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்க எனக்குக் கால் இல்லை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போக என்னைப் பிடித்துக் கீழே இறக்குகிறவரும் அவர் ஒருவர்தான்.

பிறகு பத்தாவது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறி வந்து, கேனை வாசலில் இறக்கிவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் பதினோரு மாசம்" என்றேன்.