நான்கு தாள்களில் ஓர் இடது கை

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் ஒரு கொடி உண்டு. அதில் துணி காய்ந்து நான் பார்த்ததே இல்லை. கிளிப் போட்டுக் கையுறைகள்தான் தொங்கும், அத்தனையும் இடது கை. அப்பா தோல் கம்பெனியில் கையுறைப் பிரிவின் கட்டிங் மாஸ்டர். கோல்ஃப் ஆடுகிறவர்கள் மட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு கைக்குத்தான் உறை போடுவார்கள் என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது. அப்படியானால் வலது கைகள் எங்கே போயின? "ஒருநாள் எல்லாம் சேர்ந்து தேடிக்கினு வரும்டி" என்பாள் அக்கா. ஆறாம் வகுப்பு படிக்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நான் நம்பிய காலம் அது.

கொடியின் ஓரத்தில் நாலைந்து பழைய உறைகளும் இருக்கும். அவை எல்லாம் ஒரே ஆளுடையவை. வியர்வையில் ஊறிக் காய்ந்து, எதையோ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல விரல்கள் மடங்கியே இருக்கும். அந்த ஆள் பெங்களூர்க்காரர். சின்ன வயதில் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். தள்ளி நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களின் கதை அந்தப் பையோடு முடிந்துவிடும். அப்போதுதான் தொழிலாக ஆடுகிறவர்களுக்கென்று நாடு முழுக்க ஒரு டூர் வளர்ந்து வந்தது. இந்த வாரம் சென்னை, அடுத்த வாரம் கொல்கத்தா, பிறகு சண்டிகர். தகுதிப் போட்டியில் தேறினால் அதில் ஆட ஒரு கார்டு கிடைக்கும். வருஷக் கடைசியில் தரவரிசைப் பட்டியலில் கீழே இறங்கினால் அது போய்விடும். அவருக்கு அந்தக் கார்டுதான் எல்லாம். அவர் ஆட்டத்தில் மயங்கிப்போன எங்கள் கம்பெனி முதலாளி பாய், அளவெடுத்து உறை தைத்துக் கொடுக்கும் வேலையை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார்.

சென்னைப் பக்கம் போகும்போதெல்லாம் பெங்களூர்க்காரர் நெடுஞ்சாலையிலிருந்து காரை இறக்கி எங்கள் வீட்டுக்கே வருவார். அம்மா டீ போடுவாள். அவர் வெள்ளைத் தாளில் கையை விரித்து வைப்பார், அப்பா பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரைவார். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான்.

"மாஸ்டர், போன தடவ குடுத்தது கொஞ்சம் லூஸ் ஆய்டுச்சு."

"தோலு இழுத்துக்கும் சார். இந்த தபா ஒரு நூல் கம்மி பண்ணிட்றேன்."

புது அளவு வந்துவிட்டால் பழைய தாளை எந்த மாஸ்டரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது குப்பை. அந்தக் குப்பையெல்லாம் என்னிடம் வந்து சேரும், பின்பக்கத்தில் படம் வரைய.

ஒரு விடுமுறை மதியம். கரண்ட் இல்லை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அதுவரை சேர்ந்திருந்த நான்கு தாள்களையும் அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன், பூ வரையலாமென்று. வெயில் பட்டதும் நான்கு கைகளும் ஒன்றாகத் தெரிந்தன. விரல் நுனிகள் அச்சாகப் பொருந்தின. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை மட்டும் தாளுக்குத் தாள் உள்ளே போயிருந்தது. உள்ளிருந்து எதுவோ தின்றுகொண்டே வருகிறது என்றுதான் நினைத்தேன். திரும்பினால், காற்றே இல்லாத அறையில், கொடியில் தொங்கிய பழைய உறையின் கட்டை விரல் மெல்ல மடங்கியது. சூட்டில் தோல் சுருங்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தாள்களைப் போட்டுவிட்டு அக்காவின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் என் கையைத் தாளில் வரைந்து பார்க்க ஆரம்பித்தேன்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அக்கா.

"கை அப்படியே இருக்கான்னு பாக்குறேன்."

அப்பாவிடம் சொல்லலாம்தான். ஆனால் எனக்குச் சந்தேகமே அவர் மேல்தான். அவர் வரைய வரையத்தான் அந்தக் கை குறைகிறது. காதில் செருகிய பென்சிலோடு அப்பா என் பக்கம் வந்தாலே இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன்.

அடுத்த முறை வந்தபோது பெங்களூர்க்காரர் முகம் சரியாக இல்லை. பட்டியலில் இறங்கிக்கொண்டே போகிறாராம். அடுத்த வாரம் சென்னையில் சரியாக ஆடவில்லை என்றால் கார்டு போய்விடுமாம். தாளில் கையை வைத்தார். அப்பா பென்சிலை எடுத்தார். என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பென்சிலைப் பிடுங்கினேன்.

"வரையாதப்பா! நீ வரைஞ்சா அவர் கை கொறையுது!"

அப்பா கை ஓங்கினார். பெங்களூர்க்காரர்தான் தடுத்தார். "இருங்க மாஸ்டர். இன்னா பாப்பா சொல்ற?"

தாள்களைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துக் காட்டினேன். அவர் தன் கையை அதன் மேல் பதித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. டீ ஆறிப்போனது.

"பிடி நழுவுதுன்னு கோச்சுகிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன்" என்றார் மெதுவாக. "ஒரு தபாகூட லூஸா விட்லியே மாஸ்டர் நீங்க. கை கொறையறதே தெரியாம போச்சு."

"கச்சிதமா இருக்கணும்னுதான் சார்..." என்ற அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மொதல்ல வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. அவர் தலையாட்டினார். அடுக்கிலிருந்து முதன்முதலில் வரைந்த தாளை உருவி அப்பாவிடம் நீட்டினார்.

"இந்த அளவுலயே ஒண்ணு தச்சு வைங்க. இனிமே லூஸ் ஆனா எனக்குத் தெரியணும். ஆட்டத்த எப்ப நிறுத்தணும்னு அதுதான் சொல்லும்."

மூன்றாம் நாள் வேலூரிலிருந்து நேரே வந்தார். வாசலில் நின்று அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். நரம்பு என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. புது உறையைப் போட்டுப் பார்த்தார். கட்டை விரல் பக்கம் தோல் தொளதொளவென்று மடிந்து நின்றது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ ஒரே குஷி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் சீருடையை எப்போதும் இரண்டு சுற்று பெரிதாகத்தான் தைப்பார்கள், வருஷக் கடைசிக்குள் நாங்கள் வளர்ந்துவிடுவோம் என்று. பெரிய உறையாகக் கேட்டு வாங்குகிறார் என்றால் அவர் கையும் வளரப்போகிறது என்றுதானே அர்த்தம்?

கார் கிளம்பும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "சீக்கிரம் வளந்துடும் அங்கிள்!"

அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையை ஜன்னல் வழியாக ஆட்டினார். நான் இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியும் அப்பா ஏன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை.