சூளைச் சூடு ஆறாத மல்லி

செங்கம் ரோட்டில் ஒரு விடுதிக்கு லாரியிலிருந்து நான் வாஷ்பேசின் இறக்கும்போது ஒன்று உடைந்தது. அந்தப் பீங்கான் துண்டைத் தடவியதும் அம்மாவின் கொட்டகை ஞாபகம் வந்தது. இப்போது அங்கே காப்பிக்கடை.

அம்மா பீங்கான் மண்ணை விரல் நுனியில் இதழ் இதழாக மெலிதாக்கி, ஈரத்துணியால் மூடி மூடி மல்லி செய்வாள். வாசலில் பூ கட்டும் அக்கா சிரிப்பாள்.

"இன்னாடி, மல்லியா பூசணிப்பூவா?"

"சூளைல வெந்தா சுருங்கிடும்க்கா."

வெந்ததெல்லாம் விரிசல். முழுசாக ஒன்று காட்டினால்தான் பீங்கான் பொம்மைக் கடைக்காரர் வேலை தருவார். அப்பா இல்லாத வீட்டுக்கு வேறு வழியில்லை. அம்மா மறுபடி மறுபடி மண் பிசைந்தாள்.

ஒருநாள் சூளையைத் திறந்தவள், விரிசலில்லாத ஒன்றை முந்தானையில் ஏந்திவந்து அக்காவின் பூக்கூடையில் சத்தமில்லாமல் போட்டாள். நிஜப்பூ என்று கட்ட எடுத்த அக்கா, "அடியே, சுடுதுடி!" என்று கையை உதறினாள்.

அம்மா அடுத்த பூவுக்கு மண் எடுக்கப் போய்விட்டாள்.