மில்லை மூடினார்கள், அடுப்பை மூட்டினோம்

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு ஒரே ஒரு முதலாளி. சம்பளமில்லாமல் சேவை செய்கிறவருக்கு ஊரே முதலாளி. நாலு பேருக்கு நல்லது செய்யப் போய்ச் சிக்கிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லைத் திடீரென்று மூடினார்கள். தையல் கடை வைத்திருந்த நானும், பலசரக்குக் கடை காதர் பாயும், அக்கம்பக்கத்தார் சிலரும் சேர்ந்து, வேலை போனவர்களின் குடும்பங்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தோம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால் கிடைத்தது. அரிசியை பாய் கொடுத்தார். ஆலோசனையை எல்லோரும் கொடுத்தார்கள்.

பசிக்காதவர்கள்

முதல் நாள் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஆண்கள் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நாங்கள் ஏதோ பாலம் கட்டுவது போல மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் "பசிக்கலை" என்றார்கள். மில்லோடு பசியையும் மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.

பாய்தான் வழி கண்டுபிடித்தார். "பரிமாற ஆள் பத்தலை, யாராவது வாங்கய்யா!" என்று சத்தம் போட்டார். மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது. பரிமாறினவர்கள் கடைசியில் சாப்பிடத்தானே வேண்டும்? முதலில் வாளியைப் பிடித்தவர் மில்லில் ஃபிட்டராக இருந்த, பக்கத்து ஊரான மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற வேலுச்சாமி. மறுசோறு வாங்கும்போது என்னிடம் சொன்னார்: "நான் ஒண்ணும் சாப்புட வரலைக்கா, ஒத்தாசைக்கு வந்தேன். சோத்தை வீணாக்கக் கூடாதுல்லா."

தன் காலில் நிற்பது

அடுத்து ஒரு பெரிய மனிதர் வந்தார், எல்லோரையும் சொந்தக் காலில் நிறுத்துவதற்காக. மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். தெரு முழுக்க மெழுகுவத்தி செய்கிறவர்கள். வாங்குகிறவர்கள் ஒருவரும் இல்லை. சித்திரை வெயிலில் அத்தனையும் வளைந்து, எங்களைப் பார்த்துக் கும்பிடுவது போல நின்றன. அந்த மனிதர் அன்றைக்கும் விடாமல் உழைப்பைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். வேலுச்சாமியிடம் பேச்சு எப்படி என்று கேட்டேன். "அவிய பேச்சுக்கு நாங்க உருகலைக்கா. மெழுகுவத்திதான் உருகிட்டு."

எண்ணெய் போடுகிற வேலை

வேலுச்சாமி வீட்டில் வேறு கதை சொல்லி வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. மகளை வத்திராயிருப்பில் அப்போதுதான் கட்டிக்கொடுத்திருந்தார். வேலை போனது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மகளுக்குத்தான் பேச்சு விழும் என்ற பயம். அதனால், மெஷினெல்லாம் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ள மில்லில் கொஞ்சம் பேரை வைத்திருக்கிறார்கள், சம்பளத்தை மொத்தமாகத் தருவார்கள் என்று மனைவி முத்துலட்சுமியிடம் சொல்லியிருந்தார்.

வீட்டு அரிசிப் பானை காலியானதும் அந்த அம்மாளும் ஒரு பொய் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தாள். சாம்பார் வாளியோடு வந்த வேலுச்சாமி அவள் இலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கியது. ஆனாலும் குரல் கலங்கவில்லை. "ஊத்துங்க. மெஷினுக்கு எண்ணெய் போட்டது போதும்."

மறுநாள் முதல் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

திறப்பு விழா

சில மாதங்கள் கழித்து மில் திறந்தது. பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள்; வேலுச்சாமியைக் கூப்பிடவில்லை. அன்று மாலை அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். திறப்பு விழாவுக்கு எங்கள் குழு இலவசமாகச் சமைத்தால் நல்ல பெயர் கிடைக்குமாம். நான் வாயைத் திறப்பதற்குள் முத்துலட்சுமி முன்னால் வந்தாள். "நாங்க வேலையில்லாதவுகளுக்குத்தான் சமைக்கோம் சார். உங்களுக்கு வேலை போகட்டும், கட்டாயம் வாங்க."

ஆள் தேவை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மெஸ் நடத்துகிறவர் ஒருவர் பாய்க்குச் சிநேகிதர். ஒருநாள் எங்கள் ஹாலில் சாப்பிட்டுவிட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரையும் தன் மெஸ்ஸில் வேலைக்கு வரச்சொன்னார். அன்றைக்குத்தான் வேலுச்சாமி உட்கார்ந்து, அடுத்தவர் பரிமாற, அவசரமில்லாமல் சாப்பிட்டார். கிளம்பும்போது முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நாங்க போறோம்க்கா. நாளைக்கு உலை வைக்க ஆரு இருக்கா?"

வேலை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லியே பழகிய எங்கள் குழு, மறுநாள் காலை முதல் வேலைக்கு ஆள் கேட்டுத் தெருத் தெருவாக அலைந்தது.