வெள்ளிக்கிழமைச் சாம்பல்

தொட்டியிலிருந்து அடுப்புக்குப் போகும் இரும்புக் குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் ராமுத்தாய். உள்ளே மரத்தூள் கட்டிகள் விழும் சத்தம் கேட்டால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். "முழுங்குறான், முழுங்குறான். நல்லா இரு அப்பு" என்று குழாயைத் தட்டிக்கொடுக்கிறார்.

குரங்கணிச் சாலையில் இருக்கிற ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் அடுப்பு பார்ப்பது அவர் சோலி. விறகு போய் மிஷின் அடுப்பு வந்து ஒரு வருடம் ஆகிறது. சுண்டுவிரல் பருமனுக்கு மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளைத் தொட்டியில் கொட்டினால் போதும். திருகுத் தண்டு தானாகவே உள்ளே தள்ளும், விசிறி ஊதும், சூடு மேல் அறைத் தட்டுகளுக்குப் போகும். மூட்டை பிரித்ததும் ஒரு கட்டியை ஒடித்துப் பார்ப்பார். டக்கென்று ஒடிந்தால் தொட்டிக்கு. மலைப்பனியில் நமத்துப் புட்டு மாதிரி உதிர்ந்தால், "போ, வெயில் காஞ்சிட்டு வா" என்று சாக்கில் பரப்பிவிடுவார். காலையில் சாமி படத்துக்குக் காட்டிய சூடத்தை அடுப்புக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

அப்படிக் கொண்டாடிய அடுப்பு, பறிப்பு கூடி இரவும் பகலும் எரியத் தொடங்கிய இந்த ஒரு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் முரண்டு பிடித்தது.

போன வெள்ளிக்கிழமை தட்டுகளில் இருந்தது அருணாவின் காய். குத்தகைத் தோட்டத்தில் அவள் எடுத்த முதல் பறிப்பு. சூடு இறங்கினால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காலை பதினொரு மணிக்குச் சூடு காட்டும் மீட்டர் முள் ஐம்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்கு வந்து நின்றது.

"என்னக்கா இது, இறங்கிக்கிட்டே போகுது?" அருணா மீட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

ராமுத்தாய் குழாயில் காதை வைத்தார். சத்தமே இல்லை. தொட்டியைத் திறந்தால் மேலே நிறைந்துதான் இருந்தது. கம்பை விட்டுக் குத்தினார். பொலபொலவென்று நடுவில் சரிந்தது.

"பாத்தியா, மேல நெறஞ்ச மாதிரி நடிச்சிட்டு உள்ள பொந்து வச்சிருக்கான்!"

கட்டி விழ ஆரம்பித்தது. ஆனாலும் புகை வந்ததே தவிர நெருப்பு நிமிரவில்லை.

போன் போட்டதும் போடியிலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் லிங்கேஸ்வரன், அடுப்புக் கதவைத் திறந்ததும் தலையில் கை வைத்தான்.

"நேத்துச் சாம்பல் அப்படியே கெடக்கேக்கா! காத்து வர்ற ஓட்டையெல்லாம் அடச்சிருச்சு. அடுப்புக்கு மூச்சு முட்டுது. தெனமும் அள்ளச் சொன்னேன்ல?"

"அள்றேன் அப்பு. செவ்வா வெள்ளி மட்டும் அள்றதில்ல."

"ஏன், அன்னைக்கு அடுப்புக்கு லீவா?"

"வெளக்கு வைக்கிற நாள்ல சாம்பலை வெளிய கொட்டுவாகளா? கூடவே லச்சுமியும் போயிருவா."

"லச்சுமி இருப்பா, காய் போயிருமே!"

அருணா மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் சுவரில் இருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். உதடு முணுமுணுத்தது. பிறகு விறுவிறுவென்று போய் மூடி போட்ட பெரிய இரும்பு டின் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"நிப்பாட்டு அப்பு அடுப்பை. வெரசா."

தணல் அடங்கியதும் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் சோறு அள்ளுவதுபோல் சாம்பலை அள்ளி டின்னில் போட்டு மூடினார். டின்னை லட்சுமி படத்துக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தார்.

"வெளிய தான போகக்கூடாது? இங்கயே இருக்கட்டும். சனிக்கிழம காப்பிச் செடிக்குப் போட்டுக்கிறேன்."

லிங்கேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யக்கா, சாமிக்கே வழி சொல்லிக் குடுக்குறீகளே!"

மறுபடி மூட்டியதும் நெருப்பு ஜோராக நிமிர்ந்தது. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. ஐம்பது. அருணா மாடிக்கு ஓடி, உள்ளங்கையில் ஒரு காயோடு இறங்கி வந்தாள். கிளிப்பச்சை.

"போகலக்கா! நெறம் போகல!" என்று ராமுத்தாயைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

லிங்கேஸ்வரன் பையைத் தோளில் மாட்டி வாசல் தாண்டக் காலைத் தூக்கினான். "நில்லு அப்பு!" என்று ஓடிவந்தார் ராமுத்தாய். குனிந்து, அவன் பேன்ட் மடிப்பில் ஒட்டியிருந்த சாம்பலை ஒரு துளி விடாமல் கையில் தட்டி வாங்கிப்போய், டின்னில் போட்டு மூடினார்.