களி ஆறுவதற்குள்

ஓசூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டில் யாரோ கேழ்வரகுக் களி கிண்டுகிறார்கள். அந்த வாசனை என்னைச் சொந்த ஊரான சாமல்பட்டிக்கு இழுத்துச் சென்றது.

அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது. அந்நேரம் நான் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால், பக்கத்து வீட்டு நண்பன் மாதப்பன் களியும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்தான். அம்மாவின் அருகில் இல்லாத குற்றத்துக்காக நான் தட்டைத் தொடவில்லை. அவனும் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"உங்கம்மாவுக்காக நீ பட்டினி கெடப்ப, நான் என்னடா பாவம் பண்ணேன்? தின்னுடா, ஆறுது."

சிரித்துவிட்டேன். இருவரும் ஒரே தட்டில் தின்றோம்.

சென்ற மாதம் என் மனைவியின் உயிர் பிரிந்தபோது, நான் மருத்துவமனை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. அந்தப் பத்து வயதுப் பையன்மீது எனக்கு இன்று கோபமில்லை. அந்தப் பரிவை இந்தக் கிழவனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறேன் என்று தெரியவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து மாதப்பன் அழைத்தான். அன்றாடம் கேட்பதையே கேட்டான்.

"சாப்டியாடா?"

அன்றாடம் சொல்லும் பொய் நாக்கு வரை வந்து நின்றது.

"இல்லடா," என்றேன். "கெளம்பி வா."